விளக்குக்கு வராத தாய்ப்பூச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரத்திலும் மதிலிலும் கம்பளிப்பூச்சி மொய்க்கும் பருவம் வந்தால், "ராத்திரி விளக்குப்பொறி வையுங்கள், தாய்ப்பூச்சியெல்லாம் வந்து விழுந்துவிடும்" என்ற யோசனை வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியிலும் அண்மையில் அதே வரி வந்திருந்தது. யோசனை பொய்யில்லை. ஆனால் அது வேறொரு பூச்சிக்குச் சொன்னது. முதுகில் நான்கு குஞ்சம் வைத்த கம்பளிப்பூச்சிக்கு விடிய விடிய விளக்கு எரித்தாலும் ஒரு தாய்ப்பூச்சி வராது. அதற்குப் பறக்கச் சிறகே கிடையாது.

முதலில் எந்தப் புழுவைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ஓர்கியா போஸ்டிகா என்பது அறிவியல் பெயர். 1855-இல் வாக்கர் என்ற பூச்சியியலாளர் விவரித்தது. பழைய பூச்சியியல் நூல்களில் நோட்டோலோஃபஸ் போஸ்டிகஸ் என்று இருக்கும்; இரண்டும் ஒன்றுதான். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாகத் தைவான், ஒகினாவா, நியூ கினி வரை இதைக் காணலாம். முழுதாக வளர்ந்த புழு மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். தலை சிவப்பு. தலைக்கு இருபுறமும் கொம்பு நீட்டியதுபோல் இரண்டு கருத்த மயிர்க்கற்றைகள் முன்னோக்கி நிற்கும். வால் பக்கம் அதேபோல் ஒன்று பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முதுகின் முன்பாதியில், பல் தேய்க்கும் பிரஷ்ஷை மட்டமாக நறுக்கி ஒட்டியதுபோல் நான்கு குஞ்சங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பு வரை மாறும். குனிந்து கூர்ந்து பார்த்தால் முதுகின் பின்பாதியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சிறு புள்ளிகள் தெரியும். அவை சுரப்பிகள். அந்த நான்கு குஞ்சமும் இந்த இரண்டு புள்ளியும் சேர்ந்திருந்தால் இந்த இனத்தையோ இதன் நெருங்கிய உறவையோதான் பார்க்கிறீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் புழுக்கள் பல. மானாவாரி நிலக்கடலையைத் துடைத்துவிட்டுப் போகும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கும். நல்ல மழை பெய்ததும் ஆணும் பெண்ணுமாக அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பிப் பறக்கும். விளக்குப்பொறியும் கோடை உழவும் அதற்குத்தான் பொருந்தும். புழு வரிசை கட்டி அடுத்த வயலுக்கு நடந்து போவதால் வரப்போரம் குழி வெட்டுவதும் அதற்கான வைத்தியமே. முருங்கை மரத்தில் பகலில் அடிமரத்தை அப்பிக்கொண்டு கிடக்கும் கம்பளிப்புழு இன்னொரு இனம். அதன் தாய்ப்பூச்சியும் பறக்கும். இவற்றுக்கு எழுதிய சீட்டைக் குஞ்சப்புழுவுக்கும் நீட்டுவதால்தான் சிக்கல்.

குஞ்சப்புழுவின் கதை வேறு. புழு தின்று முடித்ததும் இலை மடிப்பிலோ மரப்பட்டை இடுக்கிலோ கிளைக் கவையிலோ கூடு கட்டும். மெல்லிய பட்டிழையோடு தன் உடல் மயிரையும் பின்னிக் கட்டுவதால் கூடு அழுக்குச் சாம்பல் நிறத்தில் தளர்வாக இருக்கும். உள்ளே கூட்டுப்புழு மங்கலாகத் தெரியும். ஒரு வாரம் பத்து நாளில் ஆண் கூட்டிலிருந்து பழுப்பு நிறச் சின்ன அந்துப்பூச்சி வெளிவரும். சிறகு விரித்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர். உணர்கொம்பு இறகைப் போலக் கிளைத்திருக்கும். உட்காரும்போது மயிரடர்ந்த முன்னங்கால்களை நேராக முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும். பெண் கூட்டிலிருந்து வருவதைப் பார்த்தால் அது அந்துப்பூச்சி என்றே பலர் நம்பமாட்டார்கள். உப்பிய வயிறு, சிறகு இருக்கவேண்டிய இடத்தில் துளி போன்ற மொட்டுகள், அவ்வளவுதான். அது தான் வெளிவந்த கூட்டின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு வாசனையை விடும். ஆண் காற்றில் அந்த வாசனையைப் பிடித்துத் தேடி வரும். இணை சேர்ந்ததும் பெண் அதே கூட்டின்மேல் வெள்ளை முட்டைகளை நூற்றுக்கணக்கில் ஒட்டவைத்துவிட்டு அங்கேயே செத்துப்போகும். கூட்டிலிருந்து ஒரு சாண் தூரம்கூட அது போவதில்லை. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதும் இல்லை. முட்டைக்கான ஊட்டம் முழுவதும் புழுவாக இருந்தபோது தின்றதுதான். பெண் புழு ஆணைவிட ஒருமுறை கூடுதலாகத் தோலுரித்துப் பெரிதாக வளர்வதும் அதனால்தான்.

இப்போது விளக்குப்பொறிக்கு வருவோம். அதில் விழுவது ஆண் மட்டுமே. காலையில் தட்டு நிறையப் பூச்சி கிடப்பதைப் பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது. பாதி ஆண்களைப் பிடித்தாலும் மீதிப் பாதி போதும், முட்டை குறையாது. பெண்ணின் வாசனையை வைத்து ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கும் இதே கணக்கு. இந்த இனத்தின் இனக்கவர்ச்சிப் பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்து போஸ்டிக்ளூர் என்று பெயரிட்டார்கள். அதை வைத்து இந்தப் பூச்சியின் நடமாட்டம் எப்போது கூடுகிறது என்று கணிக்கலாம். கண்காணிக்க நல்ல கருவி. நாலைந்து பொறியைத் தொங்கவிட்டுவிட்டுத் தோட்டம் காப்பாற்றப்பட்டதாக இருந்துவிடக் கூடாது.

பறக்காத பூச்சி எப்படி ஊரெல்லாம் பரவுகிறது என்று கேட்கலாம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப்புழுதான் பறக்கிறது, சிறகில்லாமல். அதன் உடல் எள்ளைவிடச் சிறியது. மயிரோ உடலை மீறி நீண்டிருக்கும். இலை நுனியிலிருந்து நூல் விட்டுத் தொங்கும். காற்றடித்தால் நூலோடு அறுத்துக்கொண்டு மிதந்து போகும். போய் விழும் இடம் அதன் கையில் இல்லை.

இந்தப் புழு இத்தனை செடிகளைத் தின்பதற்கு விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை இலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி பறந்து தேடி, காலால் தொட்டு ருசி பார்த்து, சரியான செடி என்று உறுதியான பிறகே முட்டையிடும்; அதன் புழு வேறு இலையைத் தின்னப் பழகவேண்டிய தேவையில்லை. குஞ்சப்புழுக் குடும்பத்துக்குள்ளேயே இதற்கு நல்ல எதிர்ச்சாட்சி உண்டு. ஆலமரத்து அந்துப்பூச்சி, அதாவது பெரினா நூடா. அதன் பெண்ணுக்குச் சிறகு உண்டு, பறந்து போய் மரத்தைத் தேர்ந்தெடுக்கும். அதன் புழு பெரும்பாலும் ஆல், அத்தி இனங்களோடு நின்றுவிடுகிறது. ஓர்கியாவின் தாய்க்குத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை. பிள்ளை காற்றில் போய் மாமரத்தில் விழுந்தாலும் ரோஜாச் செடியில் விழுந்தாலும் பிழைத்தாக வேண்டும். அதனால் "இது எந்தச் செடியின் பூச்சி?" என்று கேட்டால் ஒரே செடியைச் சொல்ல முடிவதில்லை. மா, ஆமணக்கு, தேயிலை, காப்பி, கோகோ, ரப்பர், சின்கோனா, இலவங்கம், லிச்சி, ரம்புட்டான், டுரியான், மங்குஸ்தான், திராட்சை, இலந்தை, துவரை, ரோஜா, கல்யாண முருங்கை, வேல மர இனங்கள், வாகை இனங்கள், தைல மரம், தேக்கு. பட்டியல் இன்னும் நீளும்.

ஆனால் தின்பது எல்லாம் சேதம் அல்ல. வளர்ந்த வாகை மரமோ கல்யாண முருங்கையோ ஒருமுறை இலை முழுவதையும் இழந்தாலும் தளிர்த்துக்கொள்ளும். அதற்கு மருந்தடிப்பது வீண்செலவு. இளங்கன்றில் நிலைமை வேறு. ஒட்டுக்கட்டிய மாங்கன்றில் பத்துப் பன்னிரண்டு இலைதான் இருக்கும். நாலைந்து பெரிய புழு சேர்ந்தால் சில நாளில் நரம்பு மட்டுமே மிச்சம். அதிகம் நஷ்டம் தருவது பூக்கும் மாமரத்தில். புழு பூங்கொத்தைக் கடித்துத் தின்னும். பிஞ்சு பிடித்த பிறகு தோலைச் சுரண்டும். சுரண்டிய இடம் காய் பருக்கும்போது சொரசொரப்பான தழும்பாகிவிடும். உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் தரம் பிரிக்கும்போது அந்தக் காய் தள்ளுபடியாகும். ரோஜாவில் மொட்டைக் குடைந்தால் பூ கோணலாகவே மலரும். ஆக, எந்தச் செடியில் இருக்கிறது என்பதைவிட, செடி எந்த வயதில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே நடவடிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

கடித்த தடத்தை வைத்துப் புழுவின் வயதைச் சொல்லலாம். இலையின் ஒரு பக்கப் பச்சையை மட்டும் சுரண்டி, மறுபக்கம் கண்ணாடித்தாள்போல் விட்டிருந்தால் அது குஞ்சுப்புழு. இலையில் ஓட்டை விழுந்தால் நடுவயது. ஓரத்திலிருந்து தின்று நடுநரம்பை மட்டும் விட்டுவைத்திருந்தால் இன்னும் சில நாளில் கூடு கட்டப்போகும் புழு. கண்ணாடித்தாள் கட்டத்தில் பார்த்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

தாய்ப்பூச்சி கூட்டைவிட்டு நகராது என்பது நமக்குப் பெரிய வசதி. ஒரு கூட்டை எடுத்தால் சில நூறு புழுக்களை ஒரே கையில் எடுத்ததாக அர்த்தம். மிக மலிவான வழி இது. காலக்கணக்கு மட்டும் நினைவிருக்க வேண்டும்: முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும், புழுப் பருவம் இரண்டிலிருந்து நான்கு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரம் பத்து நாள். பெரிய புழுக்கள் திடீரென்று கண்ணில் படாமல் போனால் "போய்விட்டது" என்று நிம்மதி அடையக் கூடாது. கூடு கட்டப் போயிருக்கின்றன. அன்றிலிருந்து பத்து நாள் கழித்து ஒருமுறை, அதற்கு ஐந்தாறு நாள் கழித்து இன்னொருமுறை தேட வேண்டும். புழுக்கள் ஒரே நாளில் கூடு கட்டுவதில்லை என்பதால் ஒருமுறை மட்டும் தேடினால் பிந்திய கூடுகள் தப்பிவிடும்.

தேடும்போது மரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கூடு கட்டுவதற்கு முன் புழு இறங்கி அலையும். தொட்டியின் விளிம்புக்கு அடியில், ஜன்னல் சட்டத்தின் மூலையில், வேலிக் கம்பத்தில், முட்டுக்கொடுத்த குச்சியில், தோட்டத்து நாற்காலியின் அடிப்பக்கத்தில் எல்லாம் கூடு இருக்கும். பெரிய கூடாக, வெளிப்புறம் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள் அடையாக ஒட்டியிருந்தால் அதுதான் வேண்டியது. சின்னக் கூடாக, காலியாக இருந்தால் ஆண் வெளியேறியது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

கூட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. காய்ந்த கூட்டில் புழுவின் மயிர் அத்தனையும் இருக்கிறது. பூச்சி வெளியேறிப் பல நாளானாலும் அரிப்பு தரும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்து, முதலில் கைத்தெளிப்பானால் கூட்டை நன்றாக நனைத்துவிட வேண்டும். நனைந்தால் மயிர் பறக்காது. பிறகு மழுங்கிய கத்தியாலோ தகரத் துண்டாலோ அடியோடு சுரண்டி, வாளியில் இருக்கும் சோப்புத் தண்ணீரில் விழச்செய்து, அமுக்கி இரண்டு நாள் ஊறவிட்டுப் புதைத்துவிடலாம். துடைப்பத்தால் அடித்துப் பெருக்குவதும் கொளுத்துவதும் கூடாது. இரண்டிலுமே மயிர் காற்றில் கலந்து மூக்குக்கும் கண்ணுக்கும் வரும். தீப்பந்தத்தால் மரத்தைச் சுடுவதில் இன்னொரு கேடு: பட்டை வெந்துபோகும். பூச்சியைவிட அந்தக் காயம் மரத்துக்கு நாள்பட்ட தொல்லை.

நேரம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எல்லா முட்டையிலிருந்தும் புழு வருவதில்லை. சிலவற்றில் டெலினோமஸ் போன்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் முன்பே முட்டையிட்டிருக்கும். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டால் நம் பக்கத்து ஆட்களையும் சேர்த்தே மூழ்கடிக்கிறோம். அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் முட்டை அடைகளை வைத்து, காற்றுப்படாத நிழலில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பொரித்த புழு இலையில்லாமல் பட்டினி கிடந்து சாகும், அல்லது நகர்ந்து தண்ணீரில் விழும். குளவி பறந்து போய்விடும். காற்றுள்ள இடத்தில் வைத்தால் குஞ்சுப்புழு நூல் விட்டு மிதந்து தப்பிவிடும் என்பதால் இடத்தேர்வு முக்கியம். மரத்திலேயே தொங்கும் புழுக்களையும் கவனிக்க வேண்டும். கால் பிடிப்பில் தலைகீழாகத் தொங்கி, கருத்து, தொட்டால் நீராக ஒழுகினால் அது வைரஸ் நோயில் செத்த புழு. அதை எடுத்தெறிய வேண்டாம். அதிலிருந்து வழிவது இலையில் பட்டு மற்றப் புழுக்களையும் தொற்றும்.

மருந்து பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பிந்திய கட்டத்தில்தான் கேட்கிறார்கள். முதிர்ந்த புழுவின்மேல் தெளித்த நீர் மயிர் நுனியில் முத்துப்போல் உருண்டு நின்றுவிடும், தோலில் படாது. கூட்டுக்குள் இருப்பதை எதுவும் எட்டாது. குஞ்சுப்புழுக் கட்டத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். பத்து லிட்டருக்கு 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பால்போல் வரும்வரை பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, 100 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்றே தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் ஒட்டாது. கொட்டை நிழலில் உலர்த்தியதாகவும் எட்டு மாதத்துக்கு மேல் பழையதாகாமலும் இருக்க வேண்டும். "வேம்பு வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பல, பூஞ்சணம் பிடித்த பழைய கொட்டையால் வருபவை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இன்னும் நன்றாகக் கேட்கும். அது தொட்டுக் கொல்வதில்லை, தின்றால்தான் கொல்லும்; அதனால் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, ஆகவே ஏழு முதல் பத்து நாளில் இரண்டாம் முறையும் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: இந்த பாக்டீரியாவுக்குப் பட்டுப்புழுவும் புழுதான். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தாலோ, ஆமணக்கு இலையை 'எரி' என்ற வகைப் பட்டுப்புழுவுக்குப் பறிப்பவராக இருந்தாலோ அங்கே இது கூடவே கூடாது.

அடிமரத்தில் கிரீஸ் பட்டை கட்டும் வழக்கமும் இப்போது கேள்விப்படுகிறோம். சிறகில்லாத தாய் தரையிலிருந்து நடந்து மேலேறும் இனங்களுக்கு அது சரி. இந்தத் தாய் நடப்பதே இல்லை. கீழே விழுந்து திரும்ப ஏறும் சில புழுக்களைத் தவிரப் பட்டையில் எதுவும் ஒட்டாது.

மயிர் பட்டுவிட்டால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மயிர் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி உரித்தெடுத்து, புதுத் துண்டால் மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, ஐஸ் ஒத்தடமோ கேலமைன் லோஷனோ இடலாம். உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கொடியில் காய்ந்த துணியை உதறாமல் அணிவதுதான் கழுத்திலும் தோளிலும் தடிப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம். கண்ணில் பட்டால் நிறையச் சுத்தமான நீரால் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மயிர் கண்ணுக்குள் நகரக்கூடியது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நேராக மருத்துவமனைதான்.

இந்தப் பூச்சி தூரம் கடப்பதற்குக் காற்றைவிட நாம் செய்யும் உதவி அதிகம். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் கன்றின் பாலித்தீன் பையின் மடிப்பிலும், தொட்டியின் அடியிலும், முட்டுக்குச்சியின் கட்டுக்குள்ளும் முட்டையோடு கூடு வந்துவிடும். கன்றை வண்டியிலிருந்து இறக்கும்போதே தலைகீழாகச் சாய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். புதுக் கன்றுகளை இரண்டு வாரம் தனியே வைத்திருந்தால், கண்ணுக்குத் தப்பிய முட்டையும் அதற்குள் பொரித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்குப்பொறி பற்றிய அந்த வரி நிலக்கடலையின் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு உரியது என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்தமுறை இதுபற்றி எழுதும்போது, வழக்கம்போல் குஞ்சம் வைத்த புழுவின் படத்தைப் போடாமல், வெள்ளை முட்டைகள் ஒட்டிய சாம்பல் நிறக் கூட்டின் படத்தைப் போடுங்கள். புழுவைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிகிறது. கூட்டைத்தான் சிலந்தி வலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
பயிர்ப் பூச்சியியல் பணியில் உள்ள வாசகர்கள்